காற்றின் சம்மதம்

பறத்தல் என்றாலே விடுதலை என்று எழுதிப் பழகிவிட்டோம். கவிதை, திரைப்பாடல், பட்டமளிப்பு விழா உரை என எங்கும் சிறகுக்கு அந்த ஒரே பொருள்தான். மலைச்சரிவில் நின்று பார்த்தவர்களுக்கு அப்பொருள் போதாதென்று தோன்றும். பாராகிளைடிங்கில் பறப்பதைவிடக் காத்திருப்பதே பெரும்பகுதி. அந்தக் காத்திருப்பைத்தான் இன்று பணம் கொடுத்துக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம்.

1978இல் பிரான்சின் மியூஸி என்னும் மலைக்கிராமத்தில் பாராசூட் வீரர்கள் சிலர், விமானத்திலிருந்து குதிப்பதற்குப் பதிலாகச் சரிவில் ஓடியே காற்றில் எழுந்தார்கள். இந்த விளையாட்டு பரவியது அதன் பிறகுதான். இதில் இயந்திரம் இல்லை. துணியின் முன்விளிம்புத் திறப்புகளில் புகும் காற்றே அதை உப்பச்செய்து சிறகாக்குகிறது. எழுவதும் இறங்குவதும் எதிர்க்காற்றை நோக்கியே.

இமாசலப் பிரதேசத்தின் பீர் கிராமத்திற்கு நண்பர்கள் நால்வர் ஓர் அக்டோபரில் சென்றிருந்தோம். பறக்கத் தொடங்கும் இடமான பில்லிங் சுமார் 2400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; இறங்கும் இடமான பீர் அதற்கு ஏறத்தாழ 1000 மீட்டர் கீழே. நண்பகலில் தவுலாதார் மலையின் தென்சரிவு சூடேறி, வெம்மைக் காற்று தூண்தூணாக மேலெழுகிறது. கழுகுகள் வட்டமிடும் இடத்தில் அத்தகைய தூண் உண்டென்று விமானிகள் அறிவார்கள். மாலையில் அவை தளர்ந்து, காற்று குளத்துநீர் போல் அமைதியாகிறது. நானும் ஒரு நண்பரும் பறந்தது அந்த வேளையில்தான். நாலைந்து எட்டு ஓடியதும் கால்களுக்குக் கீழே தரை இல்லை. கேட்டதெல்லாம் நூல்களின் மெல்லிய சீழ்க்கை மட்டுமே.

மற்ற இருவரின் முறை வருவதற்குள் வெயில் சரிவைவிட்டு நீங்கிவிட்டது. குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழ்நோக்கி வழியத் தொடங்கியதும், கம்பத்தில் கட்டியிருந்த துணிநாடா பள்ளத்தாக்கை நோக்கித் திரும்பியது. விமானி ஒன்றும் பேசாமல் சிறகை மடித்தார். வரிசையில் நின்ற ஒருவர், பணம் கட்டியாயிற்றே என்று சண்டையிட்டார். நாளைக் காலை வாருங்கள் என்பதற்கு மேல் விமானி எதுவும் சொல்லவில்லை. எங்கள் நண்பர்கள் இருவரும் ஜீப்பில் இறங்கினார்கள்.

கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றையே ஏவல்கொண்டு கடலில் கலம் செலுத்தியதாக வெண்ணிக் குயத்தியார் புறநானூற்றில் புகழ்கிறார். அதை ஆணவமாக வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அது அறிவின் புகழாகவே படுகிறது. எந்தக் காற்றில் பாய் விரிக்கலாம், எந்தக் காற்றில் கரையிலிருக்க வேண்டும் என்று தெரியாதவன் எந்தக் காற்றையும் ஆண்டதில்லை.

2007இல் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில் பயிற்சியில் இருந்த ஏவா விஸ்னியெர்ஸ்காவைப் புயல்மேகம் 9900 மீட்டருக்கும் மேல் இழுத்துச் சென்றது. நினைவிழந்து, உறைந்து, பின் உயிருடன் மீண்டார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் மீளவில்லை. இருவரும் தேர்ந்த வீரர்கள். அத்தகையோரையே காற்று அப்படி நடத்துமானால், விமானியின் முன்னே கட்டப்பட்டு, கையில் செல்பேசியுடன் பறக்கும் பயணியின் நிலை என்ன?

மழைக்காலத்தை முன்னிட்டு இமாசல அரசு ஆண்டுதோறும் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பறத்தலைத் தடைசெய்கிறது. நல்ல விதி. ஆனால் நாட்காட்டி பருவத்தைத்தான் அறியும். ஒரு மாலையில் காற்று திரும்பும் கணத்தை அறியாது. அதை அறிந்தவர் விமானி. பறந்தால்தான் கூலி என்ற நிலையில் அவர் இருந்தால், 'இன்று வேண்டாம்' என்னும் ஒவ்வொரு சொல்லும் அவர் வீட்டு உலையைத் தொடும். பறக்க மறுத்த மாலைக்கும் அவருக்கு ஊதியம் உண்டென்று அமைப்பதே சரியான பாதுகாப்பு. நாம் கொடுக்கும் பணம் பறத்தலுக்கு அல்ல, அவருடைய தீர்ப்புக்கு.

பறக்கப் போகிறவர்கள் 'எத்தனை நிமிடம்?' என்று கேட்கிறார்கள். 'எப்போது பறக்க மாட்டீர்கள்?' என்று முதலில் கேளுங்கள். தயங்காமல் விடை சொல்பவரோடு தாராளமாகப் பறக்கலாம்.