யூசுஃபைத் தேடச் சொன்ன தந்தை

மஃரிப் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு பிள்ளையின் பெயரும் வயதும் சட்டையின் நிறமும் அறிவிக்கப்பட்டால், மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் பத்தமடையிலும் வாழும் நாம் முதலில் ஆற்றை நோக்கித்தான் ஓடுகிறோம். தாமிரபரணிக் கரையில் வாழ்வோரின் முதல் அச்சம் அது. அன்றிரவே பிள்ளை ஏதேனும் உறவினர் வீட்டிலிருந்து திரும்பிவிட்டால் அல்லாஹ்வைப் புகழ்ந்து உறங்கச் செல்கிறோம். திரும்பாவிட்டால்? ஒரு வாரம் ஊரே தேடுகிறது. ஒரு மாதத்திற்குப் பின் அந்த வீட்டார் மட்டும் தேடுகிறார்கள். ஓராண்டு கழிந்தால் அந்தத் தாயிடம் நாம் சொல்வது ஒரே ஒரு சொல்: ஸப்ரு செய்யுங்கள்.

அந்தச் சொல்லின் பொருளை நாம் சரியாக விளங்கியிருக்கிறோமா என்பதே நம் கேள்வி.

1990 ஆகஸ்ட் 18 அன்று ஸ்ரீநகரின் பட்டமாலு பகுதியில் ஜாவேத் அஹ்மத் ஆஹங்கர் என்ற பதின்வயது மகனைப் பாதுகாப்புப் படையினர் பிடித்துச் சென்றதாக அவருடைய தாய் பர்வீனா ஆஹங்கர் முறையிட்டார். சிறைகள், முகாம்கள், மருத்துவமனைகள் என எங்கெங்கோ தேடி அலைந்தார், நீதிமன்றத்தையும் நாடினார். ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தின்படி, படையினர் மீது வழக்குத் தொடர மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும். அந்தக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் மகன் எங்கே என்ற கேள்விக்கு விடையில்லை.

அந்தத் தாய் வீட்டில் முடங்கிவிடவில்லை. தம்மைப் போலவே பிள்ளைகளையும் கணவர்களையும் தேடிக்கொண்டிருந்தவர்களைத் திரட்டி, 1994இல் காணாமற்போனோரின் பெற்றோர் சங்கத்தை உருவாக்கினார். மாதந்தோறும் ஸ்ரீநகரில் அவர்கள் படங்களை ஏந்தி அமைதியாக அமர்ந்தார்கள். 2017இல் நார்வே நாட்டின் ராஃப்டோ விருது அவருக்கும் வழக்கறிஞர் பர்வேஸ் இம்ரோஸுக்கும் வழங்கப்பட்டது. எந்த விருதும் மகனுக்கு ஈடாகாது. ஆயினும் ஒரு தாயின் தேடல் பல தாய்மார்களின் தேடலாக விரிந்தது என்பதை மறுக்க முடியாது.

காஷ்மீரின் நிலை வேறு, நம் நெல்லைச் சீமையின் நிலை வேறு எனச் சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். அங்கே சட்டம் அந்தத் தாயின் வழியை மறித்தது. இங்கே சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் அளித்த உத்தரவின்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை காணாமற்போனதாகப் புகார் வந்தால் காவல்துறை முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். கடத்தலாக இருக்கக்கூடும் என்ற முன்கருத்துடனேயே விசாரிக்க வேண்டும். நான்கு மாதங்களில் பிள்ளை கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பக்கூடாது. 1098 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது.

இவ்வளவு இருந்தும் நம்மிடையே நடப்பது என்ன? காணாமற்போனது ஆண்பிள்ளை என்றால் "தானாக வந்துவிடுவான்" என்று இரண்டு நாள் காத்திருக்கிறோம். பெண்பிள்ளை என்றால் குடும்ப மானத்தை எண்ணிக் கதவை அடைக்கிறோம். தேடுவதற்கு முன்பே பழி சொல்லத் தொடங்குகிறோம். இன்னும் சிலர் காவல் நிலையத்துக்கு முன்னால் மை பார்ப்பவரிடம் போகிறார்கள். குறிகாரனிடம் சென்று கேட்பவரின் நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது என்ற நபிமொழி எச்சரிக்கையை நாம் அறியாதவர்களா? அந்த முதல் சில மணி நேரங்கள் கைநழுவிப் போனால் மீண்டும் வருமா?

யஃகூப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நாம் ஆண்டுதோறும் பயான்களில் கேட்கிறோம். மகனுடைய சட்டையில் பொய் இரத்தம் பூசிக் கொண்டுவந்தபோது அவர்கள் அந்தச் சாட்சியத்தை ஏற்கவில்லை. சட்டை கிழியாமல் இருந்ததைக் கவனித்தார்கள் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் விளக்குகிறார்கள். அழகிய பொறுமையை மேற்கொள்வதாகச் சொன்ன அதே நபிதான், அழுதழுது கண்கள் வெளுத்துப்போன பின்னரும், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காமல் யூசுஃபையும் அவர் சகோதரரையும் தேடிச் செல்லுமாறு மக்களை அனுப்பினார்கள். தம் துயரத்தை அல்லாஹ்விடம் மட்டுமே முறையிட்டார்கள். தேடும் பொறுப்பைப் பிள்ளைகளின் தோளில் வைத்தார்கள். பொறுமையும் தேடலும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நமக்கு யார் கற்றுத் தந்தார்கள்?

நம் ஃபிக்ஹு நூல்களிலும் இதே நீதியைக் காண்கிறோம். காணாமற்போனவரை 'மஃப்கூத்' என்று அவை குறிப்பிடுகின்றன. அவர் இல்லாத காலத்தில் உறவினர் இறந்தால், அவருக்குச் சேர வேண்டிய பங்கு தனியே எடுத்து வைக்கப்பட வேண்டும். மற்ற வாரிசுகள் அதை விழுங்கிவிட முடியாது. காணாமற்போனவரின் மனைவி காலமெல்லாம் தொங்கலில் விடப்படக்கூடாது என்பதற்காகவே இந்திய உலமாக்கள் மாலிகி மத்ஹபின் நான்காண்டு விதியை ஏற்றார்கள். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்திலும் அது இடம்பெற்றது. இருப்பவரின் துயரத்தை நீக்க வழிசெய்த அதே ஷரீஅத், இல்லாதவரின் இடத்தை அவசரப்பட்டு அழிக்கவும் விடவில்லை.

ஆகவே ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் இதனைத் தன் பொறுப்பாக ஏற்க வேண்டும். பிள்ளை காணாமற்போன அன்றே குடும்பத்தாருடன் இருவர் காவல் நிலையம் செல்லட்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறாமல் திரும்ப வேண்டாம். நான்காம் மாதம் வழக்கின் நிலையைக் கேட்டறியட்டும். ஆண்டுகள் கடந்தாலும் ஜும்ஆ துஆவில் அந்தப் பிள்ளையின் பெயர் விடுபடாமல் இருக்கட்டும். பெண்பிள்ளை திரும்பி வந்தால், எங்கிருந்தாய் என்று கேட்பதற்கு முன் அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கும் மனம் நமக்கு இருக்கட்டும்.

யூசுஃபை யஃகூபிடம் சேர்த்து வைத்த இறைவன், காத்திருக்கும் ஒவ்வொரு உம்மாவின், வாப்பாவின் கண்களையும் குளிரச் செய்வானாக! தேடுவோரின் கூட்டத்தில் நம்மையும் சேர்ப்பானாக! ஆமீன்.