உணவுக்கூடத்துக்கு எத்தனை வாசல்கள்?

முட்டுக்காட்டுத் தட்சிணசித்ராவுக்கு மாணவர்களை ஆண்டுதோறும் அழைத்துச் செல்கிறோம். லாரி பேக்கர் வடிவமைத்து 1996இல் திறக்கப்பட்ட அவ்வளாகத்தின் திண்ணையையும் முற்றத்தையும், வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடும் நேர்த்தியையும் காட்டி வியக்கச் சொல்கிறோம். பிறகு அவர்களைத் திருப்பி அனுப்புவது எங்கே? தகரக் கூரையின் வெக்கையில், எவர்சில்வர் தட்டுகளின் இரைச்சலில், அடுத்த வகுப்புக்குள் விழுங்கி எழவேண்டிய விடுதி உணவுக்கூடத்துக்கு.

மாணவரின் மன அழுத்தம் பற்றி நிர்வாகங்கள் இப்போது கவலைப்படுகின்றன. மகிழ்ச்சி. ஆனால் கவலை பிறந்ததும் கை நீள்வது வண்ண டப்பாவை நோக்கித்தான். இளம்பச்சைச் சுவர், நான்கு பூந்தொட்டி, ஒரு பொன்மொழிப் பலகை! வெளிச்சமும் காற்றும் உட்கார்ந்து உண்ண நேரமும் வேண்டும். அதில் நமக்கு மறுப்பில்லை. எனினும் தட்டோடு நிற்கும் பிள்ளையை அதிகம் வதைப்பது, தன்னருகே அமர யார் கூசுவார் என்ற ஐயமே.

அதற்கும் ஒரு வடிவமைப்பு உண்டு. 1920களில் வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் இரு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே உணவிட்டதில் தமிழ்நாடே கொந்தளித்தது. நூறாண்டு ஆகியும் பந்தி மாறவில்லை. 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. உணவகமொன்றில் சைவருக்கும் அசைவருக்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கைகழுவுமிடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எதிர்ப்புக்குப் பின்னரே அது அகன்றது. 2023இல் மும்பை ஐ.ஐ.டி. விடுதியில் சைவருக்கென மேசைகளை ஒதுக்கினார்கள். எதிர்த்த மாணவருக்கு அபராதம் 10,000 ரூபாய். இதில் யாருடைய அழுத்தம் குறைந்தது?

புதிய உணவுக்கூடத்துக்கு வரைபடம் கேட்கும் நிர்வாகிகள் முதலில் ஒன்றை எழுத்தில் தரட்டும்: வாசல் ஒன்று, மேசைகள் எல்லார்க்கும் பொது. வண்ணத்தைப் பிறகு பேசலாம்.