இடைவெளியா, இடையடுக்கா?

நம் பொழிச்சலூர்த் தெருவில் வசிக்கும் இயற்பியல் மாணவர் ஒருவர், தம் ஆய்வுச் சுருக்கத்தைத் தமிழில் எழுதிப் பிழை திருத்தக் கொணர்ந்தார். அடுக்குக் கலப்பினப் பெரோவ்ஸ்கைட்டுகளில் மின்கடத்தலை உயர்த்துவது எப்படி என்பதே பொருள். ‘ஸ்பேசர்’ என்பதை ‘இடைவெளியாக்கி’ என்று பெயர்த்திருந்தார். அதைப் படித்த அவருடைய தந்தை, “வெளிதானே, அதை எடுத்துவிட்டால் மின்சாரம் ஓடாதா?” என்று கேட்டாராம். நியாயமான கேள்வி, சொல்தான் பிழை.

இப்படிகத்தில் ஈய அயோடைடுத் தகடுகளும் கரிம மூலக்கூறுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டுள்ளன. தகட்டினுள் மின்னூட்டம் எளிதில் ஓடும். கரிம அடுக்கைக் குறுக்கே கடக்கையில் திணறும். ஆயினும் ஈரத்தைத் தடுப்பது அவ்வடுக்கே. ஐப்பசி மழையில் இரும்புக் கதவே துருவேறும் அடையாற்றங்கரையில், இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இலங்கையில் வளர்ந்த ஹேமமாலா கருணதாசவின் ஸ்டான்ஃபோர்டு குழு, 2014இல் இத்தகைய பொருளால் சூரிய மின்கலம் செய்து, அது ஈரத்தைக் கூடுதலாகத் தாங்குவதைக் காட்டியது. திறனோ 4.73 விழுக்காடுதான். 2016இல் லாஸ் அலமோஸ் ஆய்வாளர்கள் சூடாக்கிய தளத்தில் படலத்தைப் படியவைத்து, தகடுகளைச் செங்குத்தாக நிற்கச் செய்தனர். மின்னூட்டம் தகட்டின் வழியே சென்றது, திறன் 12.52 விழுக்காடாயிற்று. கரிம அடுக்கை எவரும் அகற்றவில்லை.

வேறு இரு வழிகளும் உண்டு. ஒன்று, தகடுகளைத் தடிமனாக்குவது. வெள்ளீயச் சேர்மங்களில் அவ்வாறு செய்தால் கடத்தல் உலோகத்தை நெருங்கும் என்று டேவிட் மிட்சியின் குழு 1994இலேயே காட்டியது. மற்றொன்று, ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டைப் பிணைப்புகள் அமைந்த மூலக்கூறுகளை இடையில் வைத்து, அவ்வடுக்கையே மின்னோட்டத்துக்குத் துணையாக்குவது.

தமிழ் படித்த நமக்கு இதில் உடம்படுமெய் நினைவுக்கு வருகிறது. ‘மணி’யும் ‘அடி’யும் சேருமிடத்தில் தோன்றும் யகரம் வெற்றிடமன்று, அது ஒரு மெய். இரண்டுக்கும் நடுவில் நின்றே இரண்டையும் இணைக்கிறது.

ஆகவே ‘இடையடுக்கு’ என்றாலே போதும் என்பது நம் கருத்து. பொருளின் தொழிலை அறியாமல் ஆக்கப்படும் கலைச்சொல், அகராதியின் பக்கத்தைக் கூட்டலாம். படிப்பவரின் அறிவைக் கூட்டாது. தமிழாசிரியர்கள் சொல்லைச் செதுக்குமுன் ஆய்வுக்கூடத்தில் அரைநாள் உட்கார வேண்டும். நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

மாணவர் திருத்தி எழுதினார். இம்முறை தந்தையின் கேள்வி வேறு: “அந்த அடுக்கு எத்தனை மழைக்காலம் தாங்கும்?” ஆய்வு தொடங்க வேண்டிய இடம் அதுவே.