புரதம் செல்லின் வாசலை எட்டியதா? மருந்து யாருக்கு என்பதை முடிவு செய்த ஆய்வகச் சோதனை

ஒரு நோயாளிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்காமல், புதிய நோயாளிகளுக்கு மருந்தை அனுமதிக்கலாமா? 2020 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அப்படித்தான் செய்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்கு 2019-ல் அனுமதி பெற்ற 'டிரிகாஃப்டா', கூடுதலாக 177 மரபணு மாற்றங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆதாரம், ஆய்வகத்தில் வளர்த்த செல்கள்!

என்ன பிரச்னை?

நுரையீரலின் காற்றுப் பாதையை உள்ளே மூடியிருப்பவை எபிதீலியல் செல்கள். 'சி.எஃப்.டி.ஆர்' என்ற புரதம் இவற்றுக்குள் தயாராகி, மேற்பரப்புக்குப் போய், குளோரைடு அயனிகளுக்கான வாசலாக நிற்க வேண்டும். இதிலுள்ள 1,480 அமினோ அமிலங்களில் 508-வது மட்டும் விடுபட்டால் போதும், புரதம் சரியாக மடியாது. 'குவாலிட்டி செக்'கில் ஃபெயில் ஆனதாக, செல்லே அதை அழித்துவிடும். விளைவு, சளி கெட்டியாகி, தொற்று திரும்பத் திரும்ப வரும். இந்த நோயாளிகளிடம் மிக அதிகமாகக் காணப்படும் மாற்றம் இதுதான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

*எடை:* செல்லுக்குள் 'கோல்கை' என்ற பகுதியைக் கடக்கும்போது புரதத்தின் சர்க்கரைச் சங்கிலிகள் பெரிதாகி, எடை கூடும். 'வெஸ்டர்ன் பிளாட்' சோதனையில் கனமான பட்டை தெரிந்தால், புரதம் அந்த ஸ்டேஜைத் தாண்டிவிட்டது. லேசான பட்டை மட்டும் என்றால், வழியிலேயே மாட்டிக்கொண்டது.

*மின்னோட்டம்:* மேற்பரப்பை எட்டினால் மட்டும் போதாது, வாசல் திறக்கவும் வேண்டும். செல் அடுக்கை இரண்டு திரவ அறைகளுக்கு நடுவே வைத்து, அயனிகள் கடப்பதை மின்னோட்டமாக அளப்பார்கள். டென்மார்க் விஞ்ஞானி ஹான்ஸ் உஸ்ஸிங், தவளைத் தோலை வைத்து உருவாக்கிய முறை இது.

குறைந்த வெப்பநிலையில் செல்களை வளர்த்தால், பழுதான புரதத்தில் கொஞ்சம் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது என்பது 1992-ல் தெரிந்தது. 'அப்படியானால், மருந்தாலும் வரவைக்கலாமே' என்ற நம்பிக்கை பிறந்தது இதனால்தான்.

ஏன் இந்த முடிவு?

பல மரபணு மாற்றங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளிடமே உள்ளன. அவர்களை வைத்து பெரிய டிரையல் நடத்த முடியாது. அதனால் எலியின் தைராய்டு எபிதீலியல் செல்களில் அந்தந்த மாற்றத்தைப் புகுத்தி, மருந்து கொடுத்து அளந்தார்கள். குளோரைடு கடத்தல், இயல்பான அளவில் குறைந்தது 10% கூடினால் 'ஓகே'.

இதற்கு எல்லையும் உண்டு. சில மாற்றங்களில் புரதமே உருவாவதில்லை. அங்கே இந்த மருந்தால் பயனில்லை. எலி செல் மனித நுரையீரலும் அல்ல. ஆனால், டிரையலுக்குக் காத்திருந்தால் இந்தச் சிலருக்கு மருந்து கடைசிவரை கிடைக்காமலே போயிருக்கும். அறிமுகமானபோது ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் விலை வைக்கப்பட்ட மருந்து இது. அனுமதிப் பட்டியலில் பெயர் இல்லாத மாற்றத்துக்கு, இன்சூரன்ஸ் வாசலும் திறப்பது கஷ்டம்தான்.