எத்தீம் சொத்து

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் ஹஜ்ரத் பெரும்பாவங்களைப் பற்றிப் பேசினார். அழிவில் தள்ளும் ஏழு பாவங்களை விட்டும் விலகிக்கொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் அது. அபூஹுரைரா (ரலி) அறிவித்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அல்லாஹ்வுக்கு இணை வைப்பது, சூனியம், அநியாயமாக உயிரைக் கொல்வது, வட்டி, எத்தீமின் சொத்தைத் தின்பது, போர்க்களத்திலிருந்து ஓடுவது, ஒழுக்கமான பெண்கள்மீது பழி சொல்வது என்று விரல் மடக்கி எண்ணினார். ஐந்தாவதைச் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏன் என்பதை இந்த 72 வயதில் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

மாற்றுமத நண்பர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. தந்தையை இழந்த சிறு பிள்ளையைத்தான் எத்தீம் என்போம். நபியவர்களே அப்படிப் பிறந்தவர்கள்தான். பெரும்பாவம் என்பது குர்ஆனிலோ ஹதீஸிலோ தண்டனை சொல்லிக் கடுமையாக எச்சரிக்கப்பட்ட குற்றம். ஏழோடு அது முடிவதில்லை. இமாம் தஹபியின் பெயரால் அறியப்படும் 'அல் கபாயிர்' நூல் எழுபதை வரிசைப்படுத்துகிறது. பெற்றோரை நோகடிப்பதும் பொய்ச்சாட்சியும் பெரும்பாவங்கள்தான்.

நம்மவர்களிடம் நான் கண்ட ஒரு குறை உண்டு. பன்றி இறைச்சி என்றால் குமட்டும். பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி ஜெலட்டின் இருக்கிறதா என்று பார்க்கிறோம். நல்லதுதான். ஆனால் எத்தீம்களின் சொத்தை அநியாயமாகத் தின்பவர்கள் தங்கள் வயிற்றில் நெருப்பைத்தான் நிரப்புகிறார்கள் என்று குர்ஆனின் நான்காவது அத்தியாயம் சொல்கிறதே, அந்த நெருப்பு நமக்குக் குமட்டுவதில்லை. காரணம், அது திருட்டு மாதிரி வருவதில்லை. சொந்தம் மாதிரி வருகிறது. "அண்ணன் பிள்ளைகள்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வருகிறது.

எனக்கும் அப்படித்தான் வந்தது.

நான் தபால் துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதில் பாதிக்காலம் சேமிப்பு வங்கி கவுன்ட்டர். 1984-ல் என் அண்ணன் மஞ்சள்காமாலையில் மௌத்தானார். மூத்தவனுக்கு ஆறு வயது, இளையவனுக்கு மூன்று. அண்ணனின் கடையைக் கொடுத்துவந்த பணத்தைப் பிள்ளைகள் பெயரில் மைனர் கணக்காகப் போட்டோம். மதினிதான் கார்டியன். பாஸ்புக் இரண்டும் என்னிடம் இருந்தன. பணம் தேவைப்பட்டால் மதினி கையெழுத்துப் போடுவார், படிவத்தை நான் நிரப்புவேன்.

1989-ல் நான் வீடு கட்டினேன். தளம் போடும் நேரத்தில் 9,000 ரூபாய் குறைந்தது. மதினியிடம் போய், "ஆறு மாசத்துல திருப்பிப் போட்டுடுறேன்" என்றேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார். மைனர் கணக்கில் பணம் எடுக்கும் படிவத்தில் ஒரு சான்று வரும். மைனர் உயிரோடு இருக்கிறார், இந்தத் தொகை அவருடைய உபயோகத்துக்குத்தான் தேவை என்று. எத்தனையோ பேரை அந்த வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். அன்று மூத்தவன் பெயரை அந்த வரியில் நானே எழுதினேன். பேனா நிற்கவில்லை.

ஆறு மாதம் ஒரு வருடமாயிற்று. பிறகு என் மகளின் படிப்பு, பிறகு அம்மாவின் ஆபரேஷன். 1994-ல் மூத்தவன் பத்தாம் வகுப்பு நல்ல மார்க்கில் பாஸ் செய்தான். பாலிடெக்னிக் சேர ஆசைப்பட்டான். "பணம் தோதுப்படல" என்று மதினி சொல்லிவிட்டார். அவன் ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனான். பஸ் ஏற்றிவிடப் போனவன் நான்தான். கையில் 100 ரூபாய் கொடுத்தேன். தெருவில் என்னை நல்ல சின்னத்தா என்றார்கள்.

ஓய்வு பெற்றதும் ஹஜ்ஜுக்கு எழுதிப்போட்டேன். போவதற்கு முன் கடன்களைத் தீர்க்க வேண்டுமே என்று ஹஜ்ரத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருடத்துக்கு வட்டி கணக்குப் போடலாமா என்று கேட்டேன். "அது ஏழில் இன்னொன்று" என்றார். "கடன் 9,000-தான். மேலே கொடுப்பது உங்கள் மனசு." 1989-ல் அந்தப் பணத்துக்கு மூன்றரைப் பவுன் வாங்கியிருக்கலாம். மூன்றரைப் பவுனின் அன்றைய விலையை எடுத்துக்கொண்டு ஈரோட்டுக்குப் போனேன்.

சொல்லி முடித்ததும் அவன் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குத் தெரியும் சின்னத்தா. மௌத்தாகறதுக்கு முன்னால அம்மா சொல்லுச்சு. நீயா போய்க் கேக்கக் கூடாதுன்னும் சொல்லுச்சு" என்றான். பணத்தை வாங்கிக்கொண்டான். மன்னித்துவிட்டதாகச் சொன்னான். மனதாரத்தான் சொன்னான் என்று நம்புகிறேன். ஆனால் மதினியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை. மூன்று வருடப் பாலிடெக்னிக் படிப்பை எந்தப் பவுன் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை.

பெரும்பாவத்தை ஏன் விட்டு விலக வேண்டும் என்று கேட்டால், நரகம் என்று பதில் சொல்வார்கள். அது உண்மை. எனக்குத் தெரிந்த இன்னொரு பதிலும் உண்டு. அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று குர்ஆனே சொல்கிறது. தௌபாவின் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் அடியானுக்குச் செய்த அநியாயத்தில் அழுது தொழுதால் மட்டும் போதாது, உரியவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவரிடம் பொருத்தம் தேட வேண்டும் என்பது உலமாக்கள் சொல்லும் நிபந்தனை. உரியவர் நமக்காகக் காத்திருப்பார் என்பதற்கு யார் ஜாமீன்? தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு வந்தும், பிறரை ஏசி, பழி சொல்லி, அவர்கள் பொருளைத் தின்றதால் எல்லா நன்மையையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையாக நிற்பவனைத்தான் நபியவர்கள் உண்மையான திவாலானவன் என்றார்கள். அந்த ஹதீஸைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படிவம் ஞாபகம் வருகிறது.

மார்க்கம் நம்மைப் பயமுறுத்திவிட்டுப் போகவில்லை, வழியும் காட்டியிருக்கிறது. எத்தீமின் பொருளைப் பார்த்துக்கொள்பவர் வசதியுள்ளவர் என்றால் அதைத் தொடக்கூடாது. ஏழை என்றால் நியாயமான அளவு எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு விவரம் வந்ததும் சாட்சிகளை வைத்து ஒப்படைக்க வேண்டும். இவை அதே நான்காவது அத்தியாயத்தில் இருக்கின்றன. ஒரே வீட்டில் சேர்ந்து சாப்பிடுவதையும் செலவு செய்வதையும் குர்ஆன் தடுக்கவில்லை. கெடுப்பவன் யார், சீர்செய்பவன் யார் என்பது அல்லாஹ்வுக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லிவைக்கிறது.

ஆகவே உங்கள் குடும்பத்தில் தகப்பனில்லாப் பிள்ளையின் பணம், நகை, வாடகை எது உங்கள் கையில் இருந்தாலும், ஒரு நோட்டுப் போட்டுக் கணக்கை எழுதுங்கள். இரண்டு பேருக்குக் காட்டுங்கள். எடுத்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். ஹஜ்ஜுக்குப் போகும்வரை காத்திருக்காதீர்கள். அந்தப் பிள்ளைகளின் தாய் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.