ஏறும் ஒட்சிசன், குறையாத மரணம்

கடந்த மாதம் எமது மஹல்லாவின் வட்ஸ்அப் குழுவில் ஒரு வேண்டுகோள் வந்தது. கடுமையான நுரையீரல் செயலிழப்பால் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் ஒரு சகோதரருக்கு நைத்திரிக் ஒட்சைட் வாயு கொடுக்க நிதி வேண்டுமாம். ஜும்ஆ முடிந்ததும் வாசலில் துண்டேந்தி நின்றார்கள். நானும் போட்டேன். அந்த வாயுவைக் கேட்டது வைத்தியர் அல்ல, இணையத்தில் தேடிய உறவினர் ஒருவர் என்பது பிறகுதான் தெரிந்தது. விஞ்ஞானம் படிப்பிக்கும் நானாவது முதலில் விசாரித்திருக்கலாம்.

இது போலி மருந்தல்ல. இந்த வாயுவை உள்ளிழுத்தால், காற்றுப் போய்ச் சேரும் சிற்றறைகளை அண்டிய குருதிக் குழாய்கள் விரிகின்றன. குருதி அந்தப் பக்கம் கூடுதலாகப் பாய, திரையில் ஒட்சிசன் அளவு ஏறுகிறது. சுவாசிக்கத் திணறும் பச்சிளம் குழந்தைகளுக்கு இதைக் கொடுக்க அமெரிக்கா 1999இல் அனுமதித்தது.

பெரியவர்களின் கதை வேறு. 2016இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு, 14 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஆரம்பத்தில் ஒட்சிசன் கூடியது. ஆனால் மரணங்கள் குறைந்ததற்கு ஆதாரம் இல்லை; சிறுநீரகப் பாதிப்போ அதிகரித்தது. இந்நோயாளிகளில் பலர் ஒட்சிசன் குறைவால் மட்டும் இறப்பதில்லை. கிருமித்தொற்றும், உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழப்பதுமே அவர்களைக் கொண்டுபோகின்றன. வேறு வழியெல்லாம் அடைபட்ட நிலையில், சற்று அவகாசம் பெற வைத்தியர்கள் சிலவேளை இவ்வாயுவைப் பயன்படுத்துவதுண்டு. அந்த முடிவு அவர்களுடையது.

உயிர் காத்தவை மிகச் சாதாரணமானவை. செயற்கைச் சுவாசக் கருவியால் சிறிய அளவு மூச்சுக் கொடுத்தபோது மரணம் 39.8 வீதத்திலிருந்து 31 வீதமாகக் குறைந்ததை 2000ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. 2013இல் பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் கடும் நோயாளிகளை நாளுக்குக் குறைந்தது 16 மணித்தியாலம் குப்புறப் படுக்க வைத்தார்கள். 28 நாட்களில் இறந்தோர் 16 வீதம். மல்லாக்கப் படுத்தோரில் 32.8 வீதம்.

குப்புறப் படுக்க வைக்க சிலிண்டர் தேவையில்லை. குழாய்கள் கழன்றுவிடாமல் நோயாளியைத் திருப்ப, பயிற்சி பெற்ற நாலைந்து பேர் வேண்டும். 2022 நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்களும் தாதியரும் நாட்டைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும்போது, இங்கே அருமையாகிவருவது அந்தக் கைகள்தான். அதற்காக எந்த வாசலிலும் துண்டேந்த முடியாது. அரசிடம்தான் கேட்க வேண்டும். நாமோ தேர்தல் மேடைகளில்கூட அதைக் கேட்பதில்லை.

அந்த வாயு கடைசிவரை வரவில்லை. சேர்ந்த பணத்தை, வைத்தியசாலைக்கு அருகே அறை எடுத்துத் தங்கியிருந்த அவரது மனைவி, பிள்ளைகளின் செலவுக்குக் கொடுத்தார்கள்.