பழைய கார் வாங்குறீங்களா? பானெட்டுக்கு முன்னாடி ஆர்சியைத் திறங்க

கூடங்குளத்துல பழைய கார் விற்பனைக்குன்னு ஒரு தனி குணம் இருக்கு. அணுமின் நிலையத்துல இருக்கிறவங்க தாராப்பூர், கைகா, ராவத்பாட்டான்னு மாற்றலாகிப் போவாங்க. ஒப்பந்த வேலை முடிஞ்சு கிளம்புறவங்களும் உண்டு. ஊரை விட்டுப் போறவர் காரைக் கொஞ்சம் மலிவாவே விட்டுடுவார். நடுவுல புரோக்கர் இல்லை. ஜிஎஸ்டியும் இல்லை. 2024 டிசம்பர்ல பரபரப்பான அந்த 18 சதவீதம், ஜிஎஸ்டி பதிவு செய்த வியாபாரியோட லாபத்துக்குத்தான். சொந்த காரை விற்கிற தனி ஆளுக்கு இல்லை.

விலை மலிவா இருக்கிற அதே காரணம்தான் ஆபத்தும். பத்து நாள் கழிச்சு ஒரு கையெழுத்து வேணும்னா, விற்றவர் வேற மாநிலத்துல இருப்பார்.

மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க, வேண்டாம்னு சொல்லல. இது உப்புக்காத்து ஊர். காரை லிஃப்ட்ல ஏத்தி அடித்தகடு, சைலன்சர், கதவோட கீழ்விளிம்பு எல்லாம் துரு பிடிச்சிருக்கான்னு பாருங்க. டயர் ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும். 2319னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. ஆனா எஞ்சின் கோளாறை காசு கொடுத்து சரி பண்ணிடலாம். பேப்பர் கோளாறு அப்படி இல்லை.

"ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டுத் தாரேன், நீங்க மெதுவா பேர் மாத்திக்கோங்க தம்பி." இந்த விற்பனையிலேயே மோசமான வாக்கியம் இதுதான். ஒரே மாநிலத்துக்குள்ள விற்றா, 14 நாளுக்குள்ள விற்றவரும் 30 நாளுக்குள்ள வாங்கினவரும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கணும். சட்டத்துல 'மெதுவா'ன்னு ஒண்ணு கிடையாது.

விற்கிறவர் தயங்கினா, நவீன்குமார் வழக்கைச் சொல்லுங்க. கார் பல கை மாறிடுச்சு. ஆர்சி மட்டும் முதல் ஆள் பேர்லயே கிடந்தது. 2009-ல விபத்து. பொறுப்பு ஆர்சியில பேர் இருக்கிறவருக்குத்தான்னு 2018 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதாவது பேர் மாத்துறது உங்களை விட அவருக்குத்தான் அவசரம்.

உங்களுக்கான பாடம் இன்னொரு வழக்குல இருக்கு. கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ்ங்கிற கம்பெனி வாங்கின கார்ல ஆர்சி மாறிடுச்சு, பாலிசி மாறல. விபத்துல கார் நொறுங்கினப்போ, சொந்த சேதத்துக்கு இழப்பீடு கிடையாதுன்னு 1990கள்லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. தானா மாறுறது மூணாம் நபர் காப்பீடு மட்டும்தான். 14 நாளுக்குள்ள நீங்கதான் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதணும். நோ கிளெய்ம் போனஸ் காரோட வராது, விற்றவரோடயே போயிடும். அந்த வித்தியாசப் பிரீமியத்தை விலை பேசும்போதே கணக்குல வைங்க.

என் யோசனை இதுதான். நாலு லட்சம் விலைன்னா 40 ஆயிரத்தைப் பிடிச்சு வைங்க, ஆர்சி உங்க பேருக்கு வந்ததும் கொடுங்க. இதை ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. சாவி வாங்கின தேதியோட நேரத்தையும் எழுதுங்க. அதுக்கு முந்தைய சலான் யார் தலையிலன்னு அப்புறம் சண்டை வராது. "கூட வேலை பார்க்கிறவர்கிட்ட எப்படிக் கேக்க?"ன்னு கூச்சப்படாதீங்க. கூட வேலை பார்க்கிறவர்னா கேக்குறது இன்னும் சுலபம்.

எம்.ஹெச்., கே.ஏ., ஆர்.ஜே. நம்பர் பிளேட்டா? பழைய ஆர்டிஓவோட என்ஓசி கைக்கு வராம அட்வான்ஸ் கூடக் கொடுக்காதீங்க. தமிழ்நாட்டு வரியும் தனியாக் கட்டணும். அதையும் சேர்த்துப் பார்த்தா பல 'மலிவு' கார் மலிவே இல்லை.

லோன் முடிஞ்சிடுச்சுன்னு பேங்க் கடிதத்தைக் காட்டினா மட்டும் போதாது. ஃபார்ம் 35 கொடுத்து ஆர்சியில இருந்தே அந்தக் கடன் பதிவு நீங்கியிருக்கணும். பரிவாகன் தளத்துல வண்டி நம்பரைப் போட்டா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

பணத்தை பேங்க் வழியாவே அனுப்புங்க. ஒரே பரிவர்த்தனைக்கு ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கின தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அது விற்கிறவர் தலையில விழும். ரொக்கமா கேட்டு அடம்பிடிச்சா இதை அவர்கிட்ட சொல்லிப் பாருங்க.